நெட் தேர்வு: டென்ட்ரைட்டில் புரதம் தயாராகும் பாடத்தைப் படித்த விதம்

தருமபுரியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள், கோச்சிங்குக்குப் பெங்களூரு போகணுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். நரம்பு செல்லின் கிளைகளான டென்ட்ரைட்டுகளிலேயே புரதம் தயாராவதைச் சொல்லும் இந்தப் பாடத்துக்கு அவசியமில்லை. தேர்வின் கடைசிப் பகுதியான பார்ட் சி-யில் 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். சோதனையைச் சொல்லி முடிவைக் கேட்கும் கேள்விகள் அங்கே நிறைய வரும். அதனால் சோதனையிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.

1982-இல் ஸ்டீவர்ட், லெவி என்ற ஆய்வாளர்கள் டென்ட்ரைட் முட்களின் (டென்ட்ரைட்டில் உள்ள சிறு புடைப்புகள்) அடியில் பாலிரைபோசோம்கள் (புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் கூட்டம்) இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். சரி, ரைபோசோம் இருக்கிறது. அது அங்கே வேலை செய்கிறதா? 1996-இல் காங், ஷூமன் இருவரும் எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் துண்டில் டென்ட்ரைட்டுகளைச் செல் உடலிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டு பிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தார்கள். அப்போதும் சினாப்ஸ் (இரு நரம்பு செல்கள் இணையும் இடம்) வலுப்பெற்றது. புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்து சேர்த்ததும் அந்த விளைவு நின்றுபோனது. செல் உடலிலிருந்து எதுவும் வர வழியில்லை என்பதால், புரதம் அங்கேயே தயாராகியிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இதை ஒரு வெள்ளைத் தாளில் வரையுங்கள்: செல் உடல், வெட்டுக்கோடு, டென்ட்ரைட், மருந்து. பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ஷனை, அதாவது டிஎன்ஏ-விலிருந்து எம்ஆர்என்ஏ உருவாவதைத் தடுத்தால்? புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ ஏற்கெனவே டென்ட்ரைட்டுக்கு வந்து காத்திருக்கிறது. உடனடி விளைவு தப்பித்துக்கொள்ளும்.

அப்புறம்தான் மூலக்கூறுகளின் பெயர்கள். பலர் தடுமாறும் இடம் பாஸ்பேட் சேர்க்கை: ஒரு புரதத்தின் மீது பாஸ்பேட் சேர்வதால் அதன் வேலை மாறுவது. எம்டார் என்ற நொதி 4இ-பிபி என்ற தடுப்புப் புரதத்தின் மீது பாஸ்பேட் சேர்த்தால், 4இ-பிபி பிடித்து வைத்திருந்த இஐஎஃப்4இ (புரத உற்பத்தியைத் தொடங்க உதவும் காரணி) விடுபட்டு உற்பத்தி கூடும். இன்னொரு தொடக்கக் காரணியான இஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் சேர்ந்தால் பொதுவான உற்பத்தி குறையும். புரதச் சங்கிலியை நீட்டும் காரணியான இஇஎஃப்2 இன்னும் நுட்பமானது: பாஸ்பேட் சேர்ந்ததும் மொத்த உற்பத்தி மெதுவாகும், ஆனால் ஆர்க் போன்ற சில புரதங்கள் கூடும். எம்ஆர்என்ஏ-வோடு ஒட்டும் சிபிஇபி என்ற புரதத்தில் பாஸ்பேட் சேர்ந்தால் எம்ஆர்என்ஏ-வின் பாலி ஏ வால் (அதன் முனையில் உள்ள அடினின் தொடர்) நீண்டு, சினாப்ஸில் வேலை செய்யும் கேம்கினேஸ் 2 ஆல்ஃபா என்ற நொதி தயாராகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேலே போகும் அம்பா, கீழே இறங்கும் அம்பா என்று போட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்எம்ஆர்பி-க்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அது உற்பத்தியை அடக்கி வைக்கும் புரதம். அது இல்லாவிட்டால் ஃப்ராஜைல் எக்ஸ் நோய்க்குறி (அறிவுத்திறன் குறைபாடு தரும் மரபணு நோய்). எஃப்எம்ஆர்பி இல்லாத எலிகளில் எம்குளூஆர் (குளூட்டமேட் ஏற்பி) வழி எல்டிடி (சினாப்ஸ் நீண்ட நேரம் வலுவிழப்பது) கூடும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள், இரண்டையும் இணைத்துக் கேட்க வாய்ப்பு அதிகம்.