பால்புதுமையர் வரலாறு, படங்களில்: பினாங்கு வேலைக் குறிப்பு

மார்ச் 4
பால்புதுமையர் (குயர் மக்கள்) வரலாற்றைப் படங்களில் சொல்லும் எங்கள் சிறுநூலின் அளவு முடிவாகிவிட்டது. ஏ5, 24 பக்கம். ஆறு ஏ4 தாள்களை நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்ளர் ஊசி. பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். அதனால் எழுதும் முன்பே 24 சிறு கட்டம் போட்டு, எது எங்கே என்று குறித்தாயிற்று.

மார்ச் 7
அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் பட்லர் 1990இல் முன்வைத்த கருத்து: பாலினம் திரும்பத் திரும்பச் செய்து செய்து ஆவது. இதற்கு மேடையும் ஒப்பனையும் வரைந்தால் தப்பு. காலையில் எழுந்து பிடித்த வேடத்தைப் போட்டுக்கொள்வதுபோல வாசகருக்குப் படும்; அதைப் பட்லரே மறுத்திருக்கிறார்.

எங்கள் வழி: ஒரே பக்கத்தில் ஒன்பது கட்டம், ஒரே பாய், ஒரே பிள்ளை. முதல் கட்டத்தில் பாட்டியின் குரல்: "பொம்பளப் புள்ள மாதிரி உக்காரு." பிறகு அத்தை, ஆசிரியை, கோயில் மண்டபத்தில் யாரோ. கட்டத்துக்குக் கட்டம் பேச்சுக் குமிழி சிறுக்கிறது. எட்டாவதில் பேச்சே இல்லை, ஒரு பார்வை மட்டும். ஒன்பதாவதில் பிள்ளை தனியாக. கால் தானே மடிகிறது. கோணமும் தூரமும் மாறவே கூடாது. மாறினால் ஒன்பது சம்பவங்களாகிவிடும், பழக்கம் ஊறுவது தெரியாது. நூலின் உயிர் இந்தப் பக்கம்தான்.

மார்ச் 11
வினைமுற்று. வந்தான், வந்தாள் என்று முடித்தாலே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். பெரியவர்களுக்கு 'வந்தார்' கைகொடுக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒட்டவில்லை. அங்கே வினைமுற்றே வேண்டாம்: "பள்ளிக்குப் போன முதல் நாள்." பெயரெச்சம் போதும்.

'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'க்கு, அதாவது ஆண்தன்மை மாறியவரைக் குறிக்கும் பெயருக்கு, தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே ஏற்கும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் அன்றே பேசியிருக்கிறது. இந்த நூற்பாவுக்கு முழுப் பக்கம். பால்புதுமை வெளியிலிருந்து வந்த பேச்சு என்பவர்கள் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அது.

மார்ச் 15
சட்டப் பக்கம், கப்பல் பாதைபோல ஒரே கோடு. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ('இயற்கைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கிய பிரிவு), 1871இல் பிரித்தானியரின் நீரிணைக் குடியேற்றங்களுக்கான சட்டம், அதாவது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், 1938இல் அங்கே 377ஏ. அதன்பின் கோடு பிரிகிறது. இந்தியாவில், வயதுவந்தோர் மனமொத்த ஒருபால் உறவு குற்றமில்லை என்ற 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கியது 2022 நவம்பரில்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மலேசியாவிலும் 377ஏ உண்டு. எண் ஒன்று, உள்ளடக்கம் வேறு. சிங்கப்பூரில் இருந்தது ஆண்களுக்கிடையிலான செயல்களைப் பற்றியது. மலேசியாவின் 377ஏ ஆண்–பெண் இணைக்கும் பொருந்தும்; தண்டனை 377பி பிரிவில், 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். தனித்தனிப் பெட்டி, தனித்தனி நிறம்.

மார்ச் 16
பெர்லின், 1933. பாலியல் ஆய்வாளர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிறுவனம் நாஜிகளால் சூறையாடப்பட்டது மே 6. நூல்கள் எரிந்தது மே 10, வேறு இடத்தில். இரண்டு கட்டம் வேண்டும். அவர் அப்போது வெளிநாட்டில். தீயருகே அவரை நிறுத்தாதீர்கள்.

மார்ச் 20
ஃபோட்டோஸ்டேட் மாதிரி வந்தது. கறுப்புப் பின்னணியில் 8 பாயிண்ட் வெள்ளை எழுத்து. மை பரவிப் புள்ளியை விழுங்கிவிட்டது. 'பால்' என்பது 'பால' என்று நிற்கிறது. இனி எழுத்தெல்லாம் வெள்ளைக் குமிழியில் கறுப்பு, 11 பாயிண்ட், வரியிடைவெளி 16 பாயிண்ட். இடம் போதாவிட்டால் 'பால்' என்பதோடு வரியை மடக்கலாம். 'பால்புது' என்று மடக்கக் கூடாது.

பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்து அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய்விடும்.

மடித்தபின் நடுத்தாள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளுகிறது. விளிம்பை வெட்டும்போது பக்க எண் போகாமலிருக்க, 8 மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தியாயிற்று. ஒன்பது கட்டப் பக்கம் 12, 13க்கு வெளியே இருக்கட்டும். ஊசி அங்கேதான் இறங்கும்.