புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் ஒரு சின்னத் திரை

வட கரோலினாவின் ராலே நகருக்கு அருகில் வசிக்கும் எங்கள் குடும்பத்துக்கு, இலைகள் நிறம் மாறும் பருவத்தில் புளூ ரிட்ஜ் பார்க்வேயில் வண்டி ஓட்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கணவாயில் தொடங்கிச் செரோக்கி ஊருக்கு அருகே முடியும் அந்த மலைச்சாலை 469 மைல் நீளமுடையது. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. வேக வரம்பு மணிக்கு 45 மைலைத் தாண்டாது. சாலையில் பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது. கைப்பேசி அலைவரிசையும் மைல் கணக்கில் மறைந்துவிடும் என்பதால், ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கு உரிமம் வைத்திருக்கும் நான், வண்டியின் இருப்பிடத்தை வானொலி அலையில் அறிவிக்கும் ஏ.பி.ஆர்.எஸ். டிராக்கர் ஒன்றை வண்டியில் பொருத்தியிருக்கிறேன். 2023 அக்டோபரில் புளோயிங் ராக்கிலிருந்து செரோக்கி வரை சென்ற பயணம், அந்த டிராக்கருக்கு நான் சேர்த்த சிறிய திரைக்கும் முதல் நெடும்பயணமாக அமைந்தது.

டிராக்கரின் வேலை எளிமையானது. ஜி.பி.எஸ். தரும் இருப்பிடத்தைச் சிறு தகவல் பொட்டலமாக்கி, நொடிக்கு 1200 பிட் வேகத்தில், வட அமெரிக்காவுக்குரிய 144.390 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது. மலையுச்சிகளில் உள்ள டிஜிபீட்டர்கள் அதைக் கேட்டு மறு ஒலிபரப்புச் செய்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்றைக் கேட்கும் இணைய வாயில் நிலையம் அதை வரைபடத்தில் சேர்த்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அனாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புருனிங்கா, 2022-இல் காலமானார். இது வண்டிகளைப் புள்ளிகளாகக் காட்டும் கருவி மட்டுமன்று, அக்கம்பக்கத்தில் நடப்பதை இரு திசையிலும் அறிந்துகொள்ளும் ஏற்பாடு என்று அவர் ஓயாமல் வலியுறுத்தி வந்தார். ஆனால் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் மட்டுமே கொண்ட என் பெட்டி ஊமையாகவே பேசிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தால் இருப்பிடம் கிடைத்துவிட்டது, சிவப்பு எரிந்தால் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அனுப்பியதை எவரேனும் கேட்டார்களா என்பதை வீடு திரும்பி இணைய வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தக் குறையைப் போக்க நான் தேர்ந்தெடுத்தது 0.96 அங்குல ஓ.எல்.இ.டி. திரை; அதன் புள்ளிகள் தாமாகவே ஒளிரும். 128 × 64 புள்ளிகள், அவற்றை இயக்கும் எஸ்.எஸ்.டி.1306 சில்லு, நான்கே கம்பிகள்: மின்சாரம், தரை, கடிகாரம், தரவு. தோற்றத்தில் இதையே ஒத்த எஸ்.எச்.1106 சில்லுத் திரைகளும் கடைகளில் கலந்தே கிடைக்கின்றன. அந்தச் சில்லின் உள்நினைவகம் 132 புள்ளி அகலமுடையது என்பதால், 1306-க்கு எழுதிய நிரலை அதில் ஓட்டினால் படம் இரண்டு புள்ளி நகர்ந்து, ஓரத்தில் பொருளற்ற கோடுகள் தெரியும். அத்தகைய கோட்டைப் பார்த்ததும் திரை பழுது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். நிரலில் சில்லின் பெயரை மாற்றினால் போதும்.

கம்பி இணைப்பைவிட நினைவகக் கணக்குத்தான் அதிகம் யோசிக்க வைத்தது. டிராக்கரின் மூளையான ஆர்டுவினோ நானோ என்ற சிறு கணினிப் பலகையில் உள்ள தற்காலிக நினைவகம் மொத்தமே 2048 பைட். திரை முழுவதையும் ஒரு படமாக நினைவகத்தில் வைத்துக்கொள்ள 1024 பைட் தேவை. பாதி அங்கேயே போய்விட்டால், ஜி.பி.எஸ். வரிகளையும் வானொலியில் வந்து விழும் பொட்டலங்களையும் பிரித்துப் படிக்க இடம் நெருக்கடியாகிவிடும். ஆகவே படம் வரையும் ஆசையைக் கைவிட்டு, எழுத்துகளை நேரடியாகத் திரைக்கே அனுப்பும் முறைக்கு வந்தேன். அதில் வரிக்கு 16 எழுத்து வீதம் எட்டு வரி கிடைக்கும். இரு மடங்கு பெரிய எழுத்தென்றால் வரிக்கு எட்டு எழுத்து வீதம் நான்கு வரி. ஓடும் வண்டியில் படிப்பதற்குப் பெரிய எழுத்துதான் சரி.

அந்த நான்கு வரிகளில் எதை வைப்பது என்பதே உண்மையான கேள்வி. இணையத்தில் காணும் திரைகளில் பெரும்பாலானவை அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசமப் புள்ளிகளோடு முகப்பில் வைக்கின்றன. பார்ப்பதற்குப் பெருமையாக இருக்கும். வண்டியில் இருப்பவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. நான் வைத்தவை: செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் இருப்பிடம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டு எத்தனை நொடி ஆயிற்று என்பதும் முதல் வரி; கடைசியாக அனுப்பி எத்தனை நொடி என்பது இரண்டாவது; என் பொட்டலத்தைத் திருப்பி ஒலித்த டிஜிபீட்டரின் அழைப்புக்குறி, அதாவது அந்த நிலையத்தின் அடையாளப் பெயர், மூன்றாவது; உயரம் நான்காவது. மூன்றாவது வரிக்காகவே இந்த முயற்சி முழுவதும் என்றால் மிகையில்லை.

ஒரு எச்சரிக்கை. அருகிலேயே வானொலி அனுப்பும்போது அந்த அலை திரையின் மெல்லிய தரவுக் கம்பிகளில் புகுந்து உரையாடலைக் குலைத்துவிடக் கூடும். அந்தக் கம்பிகளில் தரவை அனுப்பும் ஆயத்த நிரல் தொகுப்பான, ஆர்டுவினோவின் பழைய ‘வயர்’ நூலகம் அத்தகைய தருணத்தில் பதிலுக்காக முடிவின்றிக் காத்திருக்கும். திரையோடு சேர்ந்து டிராக்கரும் நின்றுபோகும். ஆகவே கம்பிகளைச் சில அங்குலங்களுக்குள் அடக்கி, வானொலி அலை புகுவதைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றைக் கோத்து, நூலகத்தின் காலக்கெடு வசதியை இயக்கி, அனுப்பும் நொடிகளில் திரையில் எழுதுவதையே நிறுத்தி வைத்தேன்.

கிராண்ட்ஃபாதர் மலையைச் சுற்றி வளையும் லின் கோவ் பாலத்தில் திரை முதல் பாடம் நடத்தியது. வண்டி திரும்பும்போதெல்லாம் உடனே அனுப்பும் ஸ்மார்ட் பீக்கனிங் முறையை நான் பயன்படுத்துகிறேன். நகரச் சாலைகளில் அது நன்றாகவே வேலை செய்யும். வளைவைத் தவிர வேறொன்றும் இல்லாத இந்தச் சாலையிலோ இரண்டாவது வரி இருபதைத் தாண்டவே இல்லை. பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே அலைவரிசையில் இது நாகரிகமன்று. அடுத்த வாகன நிறுத்தத்தில் இரு திருப்பங்களுக்கு இடையிலான குறைந்தபட்ச நேரத்தைக் கூட்டினேன்.

மிசிசிப்பிக்குக் கிழக்கே மிக உயரமான மவுண்ட் மிட்செலில், 6,684 அடியில், நிலைமை தலைகீழானது. மூன்றாவது வரியில் அழைப்புக்குறிகள் மாறிக்கொண்டே இருந்தன. அந்த உயரத்திலிருந்து அனுப்பும் ஒரு பொட்டலம் ஒரே நேரத்தில் பல டிஜிபீட்டர்களை எட்டிவிடுகிறது. பொட்டலத்தை அடுத்தடுத்து இரு முறை மறு ஒலிபரப்பச் சொல்லும் வழக்கமான வைட்1-1, வைட்2-1 என்ற இரு தாவல் பாதை அங்கே வீண் கூச்சல். பொத்தானை அழுத்தி வைட்2-1 என்ற ஒற்றைத் தாவலுக்கு மாற்றிக்கொண்டேன்.

வட கரோலினாப் பகுதியில் மட்டும் இந்தச் சாலைக்கு 25 சுரங்க வழிகள் உண்டு. அவற்றுள் மிக நீளமான பைன் மவுண்டன் சுரங்கத்துக்குள், 1,434 அடி தூரமும், முதல் வரியைக் கவனித்துவந்த என் மனைவி, “ஏங்க, சாட்டிலைட் பூஜ்யம் காட்டுது, நொடி மட்டும் ஏறிக்கிட்டே போகுதே” என்றார். அப்படித்தான் ஏற வேண்டும். இருப்பிடம் தொலைந்த பிறகும் சில ஜி.பி.எஸ். தொகுதிகள் பழைய எண்களையே திரும்பத் திரும்பத் தரும்; அவை தரும் ஆர்.எம்.சி. என்ற தகவல் வரியில் ‘ஏ’ (இருப்பிடம் செல்லும்) என்றிருந்த குறி ‘வி’ (செல்லாது) ஆக மாறியிருப்பதைப் படிக்காத நிரல், அந்தப் பழைய இடத்தையே புதியதுபோல் அனுப்பிக்கொண்டிருக்கும். என் நிரல் ‘வி’ வந்ததும் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது.

சாலையின் மிக உயர்ந்த இடமான ரிச்லண்ட் பால்சமில் 6,053 அடி என்று பலகை சொன்னது. நான்காவது வரி அதை ஒட்டியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. நண்பகல் வெயிலில் ஓ.எல்.இ.டி. எழுத்து வெளிறிப்போவதால் அட்டையில் ஒரு மறைப்புச் செய்து ஒட்ட வேண்டியிருந்தது. செரோக்கிக்கு இறங்கும்போது இருட்டிவிட்டது. அப்போது அதே திரை முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்ததால், வெளிச்சத்தைக் குறைக்கும் கட்டளையைப் பொத்தானுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மாற்றம் தானாகவே நிகழும்படி ஒளியுணர் மின்தடை ஒன்றை நானோவின் காலியாக இருக்கும் உள்ளீட்டில் பற்றவைப்பது மட்டும் பாக்கியிருக்கிறது.