கல்லறைக்குப் போகவும் விசா

எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையில் சேத்தோ என்று ஒரு சின்னஞ்சிறு இனம். பேச்சு எஸ்தோனிய மொழிக்கு நெருக்கம்தான். மதம் மட்டும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம். சோவியத் ரஷ்யாவும் எஸ்தோனியாவும் போட்ட 1920 தார்த்து ஒப்பந்தப்படி இவர்கள் மண் எஸ்தோனியாவுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் மாஸ்கோ, பெச்சோரி நகரையும் சுற்றுவட்டாரத்தையும் வெட்டி ரஷ்யாவோடு சேர்த்துக்கொண்டது. எஸ்தோனியாவும் சோவியத்துக்குள் இருந்தவரை அது வெறும் வரைபடக் கோடு, யாரும் சட்டை செய்யவில்லை. 1991இல் சுதந்திரம் வந்தது, கூடவே சோதனைச் சாவடியும் வந்தது. என்ன கொடுமை பாருங்கள்!

திருவிழா நாளில் முன்னோர் கல்லறை மேலேயே துணி விரித்து, வீட்டுச் சாப்பாட்டைப் பரப்பி, சொந்தபந்தம் கூடிச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம். தாத்தா பாட்டியைப் புதைத்தது அந்தப் பக்கம் என்றால் அந்த ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் விசா.

ஆனாலும் சளைத்தவர்கள் இல்லை. 1994இலிருந்து ‘சேத்தோ ராஜ்ய தினம்’ கொண்டாடுகிறார்கள். அரசர் பெக்கோ பெச்சோரி மடாலயக் குகையில் தூங்குகிறார் என்பது ஐதீகம். அதனால் அவருக்குப் பதிலாள் தேர்தல். வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. பிடித்த ஆளின் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நீளமான வரிசைக்காரர் ஜெயித்தார்.