எரிந்தது எஞ்சின் விளக்கு, ஓட்டை டேங்க் பக்கம்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும்போது, தக்கலை தாண்டியதும் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. இழுவையில் குறையில்லை, சூடும் ஏறவில்லை. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்து, "சென்சார் மாத்தணும்" என்றார்கள். எந்த சென்சார் என்று கேட்டேன். பதில் வரவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குழித்துறையில் ஒரு அண்ணன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார். பி0455 என்று பிழை எண் வந்தது. "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல சார், பெட்ரோல் ஆவி எங்கயோ வெளிய போவுது. இதே லைட்டு மினுக்கினா வேற கதை, அப்ப ஓட்டாதிய" என்றார். டேங்கில் கிளம்பும் ஆவியைக் கேனிஸ்டர் என்கிற கரி டப்பா பிடித்து வைக்கும். நம்ம சிரட்டைக் கரி மாதிரிதான். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும், எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். இந்தப் பாதையில் கசிவு உண்டா என்று வண்டியே அவ்வப்போது சோதித்துக்கொள்ளும். அதில் தேறாவிட்டால்தான் விளக்கு.

முதல் சந்தேகம் பெட்ரோல் மூடி. அதன் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தது. புது மூடி போட்டு, ஸ்கேனரில் பிழையை அழித்தார். வரும் வழியில் ஃபுல் டேங்க் அடித்தேன். நாலு நாள் விளக்கு வரவில்லை, வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். அஞ்சாம் நாள் காலையில் மறுபடி எரிந்தது.

அந்தச் சோதனை நினைத்த நேரமெல்லாம் நடக்காதாம். ராத்திரி நின்று எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டேங்க் நிறைந்தும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. நான் நிரப்பிய பெட்ரோல் இறங்கும்வரை வண்டி சோதிக்கவேயில்லை. பிழையை அழித்தது, பழுது பார்த்ததாகாது.

அப்புறம் புகை விட்டுப் பார்த்தார். ஒரு மெஷினிலிருந்து வெள்ளைப் புகையை மெல்ல உள்ளே ஏற்றிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் பின்சக்கரத்துக்கு மேலே நூல் போலப் புகை கசிந்தது. கேனிஸ்டர் ஹோஸில் வரிசையாகப் பல் தடம். எலி! அயனி மரத்தடியில் நிறுத்தியதற்குக் கூலி. ஹோஸ் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது, "பங்க்ல ரவுண்டா போடச் சொல்லுவியளா?" என்று கேட்டார். சொல்லுவேன். நாசில் தானாக நின்ற பிறகும் ஊற்றினால், பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கி கரி நனைந்து வீணாகுமாம்.

நேற்று பார்வதிபுரம் பக்கம் பங்கில் 1,463 ரூபாயில் நாசில் நின்றது. "1,500 ஆக்கிரட்டா அண்ணே?" என்றான் பையன். வேண்டாம் மக்கா என்று சொல்லிவிட்டு, 37 ரூபாய் சில்லறைக்காகக் காத்து நின்றேன்.