பாட்டில் மூடி

"காய்ச்சல், இருமல் ஏதாவது இருக்கா?" நர்ஸ் முதலில் கேட்பது இதைத்தான். கிருமித்தொற்று இருந்தால் இன்று மருந்து கிடையாது.

இல்லை என்றேன். முடக்குவாதத்துக்கான இன்ஃப்ளிக்சிமாப் மருந்து ஊசி வழியாக ஏறத் தொடங்கியது. இரண்டு மணி நேரம்.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. முதல் தடவையாம். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தார், முடியவில்லை. யாரையும் கேட்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் வாங்கினேன். ஊசி இருந்த கையில் பாட்டிலை அசையாமல் பிடித்து, மறு கையால் திருகிக் கொடுத்தேன்.

முடக்குவாதத்தில் உடம்பின் காவல் படையே மூட்டுகளைத் தாக்குகிறது. அந்த அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை இந்த மருந்து மடக்கிப் பிடிக்கிறது. அந்த அம்மாவுக்கு அடுத்த டோஸ் 2ஆம் வாரம், பிறகு 6ஆம் வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை.

போன வருடம் என்னாலும் மூடி திறக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன்.

அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.