குமிழி விட்ட கம்பி

முதுநிலை நுண்ணுயிரியல் கடைசிப் பருவத்தில் ஆய்வுத் தலைப்பு கேட்டார்கள். உடன் படித்தவர்கள் மருந்துக்கு அடங்காத கிருமி, நானோ துகள் என்று எழுதிக் கொடுத்தபோது நான் இட்லி மாவு என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. அரிசியும் உளுந்தும் வீட்டிலேயே இருந்தன, செலவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அம்மா. மாவைக் கையால் கரைத்தால்தான் புளிக்கும், கரண்டி போட்டால் இட்லி கல்லாகிவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

முகர்ஜி, ஸ்டெயின்க்ராஸ் உள்ளிட்டோர் 1965-இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்கிறது. மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியாக்கள் ஊறப்போட்ட தானியத்தோடேயே வந்துவிடுகின்றன. அவற்றில் முக்கியமானது லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். புளிப்பும் பொங்கலும் ஒரே உயிரின் வேலை. அப்படியானால் கைக்கு என்ன வேலை?

ஒரே ஈடு மாவை மூன்று பாத்திரங்களில் பிரித்தேன். ஒன்றில் வெறுங்கை, ஒன்றில் வெந்நீரில் கொதித்த கரண்டி, மூன்றாவதில் புதுக் கையுறை போட்ட கை. கையுறையைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. விடிந்ததும் மூன்று டப்பாக்களோடு பஸ் ஏறுவேன். மாவு விற்கிறாயா, கிலோ எவ்வளவு என்று ஒரு நாள் பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார்.

ஆய்வகத்தில் ஒரு மில்லி மாவை ஒன்பது மில்லி நீரில் கலந்து, அதிலிருந்து ஒரு மில்லி, மறுபடி ஒரு மில்லி என்று பத்து லட்சத்தில் ஒரு பங்காகும் வரை நீர்த்துப்போகச் செய்து, லாக்டிக் அமில பாக்டீரியாக்களை வளர்க்கும் ஊட்டக்கூழான எம்.ஆர்.எஸ். அகார் தட்டில் பரப்ப வேண்டும். இரண்டு நாளில் கசகசா அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். பாக்டீரியாக்களை வகை பிரிக்கும் கிராம் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிரண்டாக ஒட்டிய ஊதாக் கோளங்கள். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே.

கேட்டலேஸ் சோதனையில்தான் வினை வந்தது. கேட்டலேஸ் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து ஆக்சிஜன் குமிழி விடவைக்கும் நொதி. லாக்டிக் அமில பாக்டீரியாக்களிடம் பொதுவாக அந்த நொதி கிடையாது; ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டில் கலந்தால் அது அப்படியே கிடக்க வேண்டும். நான் கம்பி முனையால் எடுத்து வைத்த 24 புள்ளிகளும் சோடா போல நுரைத்தன. மாசு கலந்துவிட்டது, திரும்பச் செய் என்றார் வழிகாட்டி. செய்தேன். மறுபடி நுரை. மூன்று வாரம் இப்படியே போனது. மாவு வாசனையே பிடிக்காமல் உப்புமா சாப்பிட்ட காலம் அது.

ஒரு மாலை, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்தார். “வெறும் கம்பியை விட்டுப் பார்த்தாயாம்மா?”

பார்க்கவில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த நிக்ரோம் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஆறவைத்து, எதையும் தொடாமல் சொட்டில் வைத்தேன். கம்பி முனையைச் சுற்றி மணிமணியாகக் குமிழிகள். பாக்டீரியாவே இல்லாத இடத்தில்! பெராக்சைடை உடைத்தது என் கம்பிதான். அண்ணன் பெட்டிக்கடைக்குப் போய்ப் பல்குச்சி வாங்கி வந்தார். குச்சியால் எடுத்து வைத்த 24 புள்ளிகளும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் எதுவும் பரப்பாத வெறுந்தட்டு வைக்கத் தெரிந்த எனக்கு, வெறுங்கம்பி தோன்றாமல் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

முடிவு சுருக்கமானது. ஐந்து ஈடு மாவில் மூன்று பாத்திரங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குப் பொங்கின, பாக்டீரியா எண்ணிக்கையும் சொல்லும்படி வேறுபடவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் இரண்டு கேள்வியோடு விட்டுவிட்டார்.

அன்று இரவு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். மாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, கையை அலம்பினார்.

“எப்போது செய்தாய்?”

“பங்குனியில்.”

“யார் கரைத்தது?”

“நான்தான்.”

“மார்கழியில், நான் கரைத்து நீ பார்க்கவில்லையே.”