தூரம் ஒன்றுதான், நேரம்தான் வேறு

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வான்வழியில் சுமார் 5,550 கிலோமீட்டர். போக 7 மணி நேரம் போதும், திரும்பி வர 8 மணி நேரமாவது ஆகும். பைலட்டைத் திட்டாதீர்கள்! ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றுதான் காரணம். போகும்போது தள்ளிவிடும், வரும்போது மறிக்கும். 2020 பிப்ரவரியில் புயல் வீசிய சமயம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டது. தரைக்கணக்கில் ஒலியை மிஞ்சும் வேகம். ஆனால் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியதால் ஒலித்தடையை உடைத்ததாக ஆகாது.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் கடிகாரம் நியூயார்க்கைவிட 5 மணி நேரம் முன்னே ஓடுவதால், நியூயார்க்கில் இரவு 7க்குக் கிளம்பி லண்டனில் காலை 7க்கு இறங்கினால் பறந்தது 12 மணி நேரமல்ல, 7தான்.